காணாமல் போன ரீஃப்

சுரங்கத்தின் ஐந்தாவது லெவலில் ரீஃப் காணாமல் போன அன்று, மேனேஜர் என்னைத்தான் முதலில் திட்டினார். பாறைக்குள் தாது ஓடும் பட்டையை நாங்கள் ரீஃப் என்போம். முந்தைய ஷிஃப்ட் வரை மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது. வெடி வைத்துப் புகை அடங்கிப் போய்ப் பார்த்தால், எதிரே வெறும் கருங்கல். ஜியாலஜிஸ்ட்தான் ஒளித்துவைத்துவிட்டான் என்பதுபோல எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

வெளிமாநிலத்தில் இருந்த செம்புச் சுரங்கம் அது. கண்ணைப் பறிக்கும் அந்த மஞ்சள், செம்புத் தாது. தங்கமும் வெள்ளியும் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கிடக்கும். செம்பு ஆள்கூலிக்கே சரியாகப் போகும். தங்கம் இருந்தால்தான் கம்பெனிக்கு லாபம்.

நடந்தது இதுதான். எந்தக் காலத்திலோ பாறை பிளந்து ஒரு பாதி நகர்ந்துவிட்டது. இதற்கு ஃபால்ட் என்று பெயர். மறுபாதி எந்தப் பக்கம் போனது என்பதற்கு ஒரே தடயம், நகரும்போது பிளவில் இழுபட்டுச் சிதறிய தாதுத் துணுக்குகள். கேப் லைட் வெளிச்சத்தில் பிளவின் சேற்றைக் கையால் சுரண்டிப் பார்த்தேன். துணுக்குகள் வலப்பக்கமாகவே போயின.

"வலது பக்கம் இருக்கு சார். ஆனா எவ்வளவு அகலம், தங்கம் இருக்கா இல்லையான்னு இப்ப சொல்ல முடியாது," என்றேன்.

மேனேஜருக்கு முன்பாதியே போதும். "இருக்குன்னு ஜியாலஜிஸ்ட்டே சொல்லிட்டாருப்பா! யாரும் லீவு கேக்காதீங்க," என்று ஆட்களிடம் கத்தினார்.

டிரில்லர் கருப்பையா எங்கள் மாவட்டத்துக்காரர், கடலாடி. மானாவாரி நெல் விதைக்க ஊருக்குக் கிளம்ப இருந்தவர். தனியாக வந்து கேட்டார்.

"நெசமா இருக்கா சார்? இருந்தா இங்கனயே கெடக்கேன். இல்லைன்னா இப்பவே போயி வெதைச்சிருவேன்."

மேனேஜரிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். தெரியாததை மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னேன் போலிருக்கிறது. அவர் ஊருக்குப் போகவில்லை.

ரீஃப் கிடைத்தது, நான் சொன்ன வலப்பக்கத்தில்தான். கைதட்டினார்கள். ஆனால் ஒரு சாண் அகலம்கூட இல்லை. லேபிலிருந்து ரிசல்ட் வந்தது. தங்கம், கடலில் கரைத்த பெருங்காயம். பொங்கலுக்கு முன்பே அந்தப் பகுதியை மூடி ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அந்த வருடம் பார்த்துக் கடலாடியில் மழை பிய்த்துக்கொண்டு பெய்ததாம். கருப்பையாவின் நிலம் மட்டும் தரிசாகக் கிடந்தது. நான் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஓய்வுபெற்று ராமநாதபுரத்துக்கு வந்துவிட்டேன். போன மாதம் கருப்பையா வீடு தேடி வந்தார். நிலத்தில் போர் போட இடம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். இனி பூமிக்கடியில் இருப்பதைப் பற்றி யாருக்கும் வாயைத் திறப்பதில்லை என்று அலுப்போடு இருந்தேன். ஆனாலும் கேட்டது அவர் என்பதால் போனேன். அக்கம்பக்கத்து போர்த் தண்ணீரை எல்லாம் வாயில் ஊற்றிப் பார்த்தேன். இந்த முறை கெட்டதை முதலில் சொன்னேன்.

"உப்பு, கருப்பையா. தண்ணி வரும், ஆனா பயிரு கருகிரும். போர் வேணாம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி சார். எப்பவும்போல மழைக்கு மானத்தப் பாத்தே வெதைச்சுக்கிறேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார். "நல்ல தண்ணின்னு நீங்க சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன் சார்."

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். தெரிந்ததைச் சொல்லும் அதே சத்தத்தில் தெரியாததையும் சொல்லுங்கள். எதிரே நிற்பவர் விதைநெல்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்.