இடப்பக்கம் வந்த அடி

ரோஸ்லினுக்குப் பாகூர் கடைத்தெருவில் தையல் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிலம்பப் போட்டிகளுக்கு நடுவராகப் போவாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். யார் முகத்துக்காகவும் மார்க் போடமாட்டாள் என்று பெயர். அதனாலேயே அவளைப் பிடிக்காதவர்கள் நிறைய.

போன ஆனியில், வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூத்த ஆசான்களுக்குச் சிலம்பச் சங்கம் தகுதித் தேர்வு வைத்தது. சுத்துக்கேணி சுப்புராயன் களத்தில் இறங்கியபோது விசில் பறந்தது. அறுபத்திரண்டு வயது. அவரிடம் சிலம்பம் பழகுகிறவர்களே மண்டபத்தில் பாதி இருந்தார்கள்.

கம்பு காற்றைக் கிழித்து இரைந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த தலைமை நடுவர் ஏகநாதன் குனிந்து, "இன்னா வீச்சு பாத்தியாமா! ஒம்போது போட்டுடலாம்" என்றார்.

ரோஸ்லினின் பேனா நகரவில்லை. நாலாவது காலடி வரும்போதெல்லாம் கம்பு திரும்புவதற்கு முன்னால் சுப்புராயனின் கழுத்து இடப்பக்கம் திரும்பியது. அதே திருப்பலை அவரிடம் பழகும் சுத்துக்கேணிப் பிள்ளைகளிடம் இரண்டு வருடமாகப் பார்க்கிறாள். கவனம் இல்லாத பிள்ளைகள் என்று ஆளுக்கு அரை மார்க் குறைத்திருக்கிறாள். அது யாரிடமிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது.

"தனியா சுத்துனது போதும். எதிர்ல ஆள் நிக்கணும்."

"பெரியவருமா. வுட்டுடு."

"ரூல்ல இருக்கு சார்."

ஆசான்மேல் கம்பை ஓங்க யாரும் முன்வரவில்லை. ரோஸ்லின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தானே இறங்கினாள்.

அவருடைய வலப்பக்கம் இரண்டு அடி. அவர் தடுத்த வேகத்தில் அவளுக்கு முழங்கை வரை அதிர்ந்தது. மூன்றாவது அடியை அவருடைய இடப்பக்கம், வேண்டுமென்றே மெதுவாக வீசினாள். அவர் கம்பு எழவே இல்லை. காதுக்கு ஒரு விரற்கடை தள்ளி அவள் தன் கம்பைப் பிடித்து நிறுத்தினாள். அப்போதும் அவர் அவளை நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டபம் அடங்கிப்போனது. அந்த அமைதியில்தான் தன் காதருகே கம்பு வந்து நிற்பது அவருக்குப் புரிந்தது. கிட்டே வந்து முணுமுணுத்தார்.

"இடது கண்ணு தெரியலமா. மூணு வருசமாச்சு. சபையில சொல்லிடாத."

அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். அவர் வித்தையில் குறையில்லை. ஆனால் அவரைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே அத்தனை பிள்ளைகளும் களத்தில் அடி வாங்கப் போகிறார்கள். தாக்குதலுக்கு ஒன்பது, தற்காப்புக்கு மூன்று என்று எழுதினாள். காரணம் எழுதவில்லை. தேறவில்லை என்று ஏகநாதன் வாசித்ததும் மண்டபம் இரைந்தது.

வெளியே அவள் ஸ்கூட்டரைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். கம்பும் கையுமாக.

"எங்க ஆசானுக்கு மூணா? நீ யாரு போடறதுக்கு?" ஒருவன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

உண்மையைச் சொன்னால் வழி கிடைத்துவிடும். அவள் வாயைத் திறக்கவில்லை. வண்டியோடு ஒட்டி நின்றாள்.

"வண்டிய வுடுடா." சுப்புராயன் வந்துகொண்டிருந்தார். பிடித்தவன் விடவில்லை. அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு இடது கண்ணு தெரியாதுடா. அந்தப் பக்கம் பாக்கத்தான் கழுத்தத் திருப்பறேன். நீங்க அதயும் வித்தைன்னு நெனச்சிக் கத்துக்கினீங்க. நானும் வுட்டுட்டேன். தப்பு என்னுது."

ஹேண்டில்பாரிலிருந்து கை விலகியது.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா ஆசான்?" என்று கேட்டான் வண்டியைப் பிடித்திருந்தவன்.

"நரம்பு போயிடுச்சாம். ஒண்ணும் பண்ண முடியாதாம்."

ரோஸ்லின் அவர் பக்கம் ஓர் அடி வைத்தாள். "உடம்பையே கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி நின்னா, கழுத்தத் திருப்ப வேணாம். வலது கண்ணே போதும்."

அவர் முகம் சிவந்தது. நாற்பது வருடம் கம்பு சுற்றியவருக்கு ஒரு தையல்காரி சொல்வதா என்று கத்தப்போகிறார் என்றே நினைத்தாள்.

"எந்தக் கால முன்னால வெக்கறது?" என்று கேட்டார்.

தை மாதத் தேர்வில் தற்காப்புக்கு அவருக்கு ஆறு கிடைத்தது. போட்டவளும் ரோஸ்லின்தான். தேற ஏழு வேண்டும். மறுபடி விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்.