ஃப்ரைடல் அடுப்புல ஹிந்தா

ஃப்ரைடலுக்குக் கோபம் வந்தா பாத்திரம் பேசும். ஆண்ட்வெர்ப்ல அந்த யூதத் தெரு முழுக்க அது தெரியும். ஆறு பிள்ளை பெத்தவ, வீட்டுக்கு வந்த யாரையும் பசியோட அனுப்பாதவ. அவ கடைக்குள்ள நுழைஞ்சாலே மீன்காரன் பழைய மீனை எடுத்து உள்ள வச்சிடுவான்.

கூடாரப் பண்டிகை ரெண்டாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில, பாத்திரம் பேசல. அதப் பாத்து அவ புருஷன் ஸெலிக் கதவுப் பக்கமா நகர்ந்தார்.

"முட்டை எங்க?"

"எந்த முட்டைம்மா?"

"ஜன்னலோரம் தட்டுல, ரொட்டி பக்கத்துல வச்சிருந்த முட்டை."

ஸெலிக் தாடியத் தடவினார். "ராத்திரி ஜெபம் முடிஞ்சு வந்தேன். நல்ல பசி. அது பாட்டுக்குத் தனியா இருந்துச்சு..."

"தனியா இருந்துச்சா? பாவம்னு வயித்துக்குள்ள துணைக்குச் சேத்துக்கிட்டீங்களா?"

சும்மா ஒரு முட்டைன்னா விட்டிருப்பா. பண்டிகை வெள்ளிக்கிழமை வந்தா, மறுநாள் ஓய்வுநாளுக்கு வேண்டியத அன்னைக்கு சமைக்கக் கூடாது. பண்டிகைக்கு முந்தியே ஒரு ரொட்டியும் வெந்தது ஏதாவது ஒண்ணும் எடுத்து வச்சு, ஓய்வுநாள் சமையல ஆரம்பிச்சாச்சுன்னு சொல்லிடணும். அது இருந்தா வெள்ளிக்கிழமை கைய வைக்கலாம். அது வயித்துக்குப் போயிட்டா அடுப்புப் பக்கம் போக முடியாது.

வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதுமே ஓய்வுநாள் ஆரம்பிச்சுடும். அந்த ராத்திரி விருந்துக்கு, ஜூரிச்லேர்ந்து பண்டிகைக்கு முந்தியே வந்து பக்கத்துல தங்கியிருக்கற, மூத்த பையனோட வருங்கால மாமனார் மாமியார் வராங்க. மீனும் கோழியும் புதன்கிழமையே செஞ்சாச்சு. ஆனா சம்பந்தியம்மா மீன், கறி எதையும் தொடமாட்டா. அவளுக்காகத்தான் குகெல். சீமைச் சுரைக்கா, கேரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் பொடியா அரிஞ்சு, முட்டை ஊத்தி, தட்டுல கெட்டியா வேக வைக்கறது. முந்தியே செஞ்சு வச்சா தண்ணி விட்டுரும்னு இன்னைக்குன்னு விட்டிருந்தா. இப்ப அந்தம்மாவுக்கு ரொட்டியும் தண்ணியுமா வைக்கறது?

"ராபிகிட்ட ஓடுங்க, முறை என்னன்னு அவர்தான் சொல்லணும்," அப்படின்னா. ஸெலிக் மழையில ஓடினார்.

ரெண்டு வாரம் முந்தி வந்த யூதப் புத்தாண்டுக்கு எடுத்து வைக்கவே மறந்தவர் இவர். அப்ப, ஊர்ல மறந்தவங்களுக்கெல்லாம் சேத்து ராபி எடுத்து வச்சதுல ஒட்டிக்கிட்டாங்க. இந்தத் தடவை ராபி முடியாதுன்னு தலைய ஆட்டிட்டாராம். ஒரு தடவைன்னா மறதி, ரெண்டு வாரத்துல மறுபடின்னா அசட்டை. சாமானை, முறையா எடுத்து வச்ச ஒருத்தருக்குச் சொந்தமா குடுத்துடணும். அவங்க சமைச்சுத் திருப்பித் தரலாம், உங்க வீட்டு அடுப்புலயே கூட.

"நல்லவேளை, படியிலயே ஹிந்தாவப் பாத்தேன்," அப்படின்னார் ஸெலிக், நனைஞ்ச தொப்பியக் கழட்டிக்கிட்டே. "அவ முறையா எடுத்து வச்சிருக்கா. வரேன்னு சொல்லிட்டா."

"யாரக் கேட்டு?"

"அவசரம்னு..."

"இந்த ஊர்ல வேற பொம்பளையே கிடைக்கலியா உங்களுக்கு?"

மேல் வீட்டு ஹிந்தாவோட ஃப்ரைடல் பேசி ஒரு வருஷம் ஆச்சு. இந்தப் பண்டிகை முழுக்க கூடாரம் போட்டு அதுலதான் சாப்பிடணும். ஹிந்தா தன் கூடாரத்தப் போட ஒரு பால்கனிய வெளிய இழுத்துக் கட்டினா. அது ஃப்ரைடல் கொல்லை மேல வந்து நின்னுச்சு. மேல வானம் தெரியாட்டி அது கூடாரமே இல்ல. இருவது வருஷமா நடுக்கொல்லையில கூடாரம் போட்ட ஃப்ரைடல் இப்ப குப்பைத்தொட்டிப் பக்கம் சந்துல போட்டிருக்கா.

கதவு தட்டுற சத்தம். ஹிந்தா சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டு உள்ள வந்தா.

"பண்டிகை வாழ்த்துக்கா."

"ம்."

ஃப்ரைடல் காய்க்கூடைய எடுத்து அவ கையில குடுத்தா. ராபி சொன்னபடி வாயால சொன்னா: "இது உனக்கு. உன்னோடது." பல்லு வலிக்கிற மாதிரி வந்துச்சு வார்த்தை. அப்புறம் நாற்காலியில போய் உக்காந்தா, தன் சமையக்கட்டுலயே விருந்தாளி மாதிரி.

ஹிந்தா அரிஞ்சா. தடி தடியா.

"இன்னும் பொடியா."

"பல்லு இருக்கறவங்கதான வராங்க?"

லீக்ஸ் வதங்கிச்சு, முட்டை ஊத்தினா. அப்புறம் அலமாரியத் திறந்து சர்க்கரை டப்பாவுல கரண்டிய விட்டா. அவங்க வீட்டுல மீன்லயே சர்க்கரை போடுவாங்க.

"ஏய்! கரண்டிய எடு! மிளகுதான் போடணும்!"

"காய் என்னோடதுக்கா. இப்பதான குடுத்தீங்க?"

"காயத்தான் குடுத்தேன், சர்க்கரை என்னோடது! என் வானத்தையும் எடுத்துக்கிட்டே, என் அடுப்பையும் எடுத்துக்கிட்டே, இதுவும் வேணுமா?"

ஹிந்தா கரண்டிய வச்சா. "ஓஹோ. உங்களுக்கு மட்டுந்தான் ஆண்டவர் வானத்தக் குடுத்தாரா? எட்டு வருஷமா என் பிள்ளைங்க அடுத்தவங்க கூடாரத்துல சாப்டுச்சுங்க. நீங்க ஒரு தடவை கூப்டீங்களா?"

"கேட்டியா நீ?"

"கதவ அறையறவங்ககிட்ட எப்படிக் கேக்கறது?"

"அதனால சொல்லாம கொள்ளாம கட்டிட்டே!"

"ஆமா, கட்டிட்டேன்! கேட்டா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்!"

ரெண்டு பேரும் மூச்சு வாங்கினாங்க. ஸெலிக் நடையில நின்னவர் அப்படியே பின்னால நகர்ந்து போயிட்டார். ஹிந்தா மிளகு டப்பாவ எடுத்தா. "எவ்வளவு?" அப்படின்னா, திரும்பிப் பாக்காம.

"கை நிறைய."

குகெல் வெந்து மேல சிவந்து வந்துச்சு. ஹிந்தா துணியால பிடிச்சு எடுத்து மேஜையில வச்சா. ஃப்ரைடல் கைய நீட்டினா.

"பாதி," அப்படின்னா ஹிந்தா.

"என்ன பாதி?"

"பாதியத்தான் திருப்பித் தரேன். காலையிலேர்ந்து உங்க வீட்டுல நின்னேன். என் அடுப்புல ஒண்ணும் வேகல. என் பிள்ளைங்க என்ன திங்கும்?"

ஃப்ரைடலுக்கே தெரியும், அவ கேட்டது நியாயம். அதுதான் இன்னும் எரிச்சல். கத்திய எடுத்துச் சரிபாதியா வெட்டி, ஹிந்தா தட்டுல தள்ளினா.

"பண்டிகை முடியட்டும், மேல வரேன். அந்தப் பால்கனிய எவ்வளவு வெட்டணும்னு அளக்கறேன்."

"வாங்க. கதவத் தட்டிட்டு வாங்க. ஒரு அங்குலம் வெட்ட விடமாட்டேன்," அப்படின்னுட்டு ஹிந்தா படியேறிப் போயிட்டா.

ராத்திரி, சந்துக் கூடாரத்துல தோளோட தோள் இடிச்சு எல்லாரும் உக்காந்தாங்க. ஃப்ரைடல் சம்பந்தியம்மாவுக்கு ரெண்டு துண்டு வச்சா. அந்தம்மா மிளகுக் காரத்துல கண்ணத் துடைச்சுக்கிட்டே ரெண்டையும் தின்னுட்டு இன்னொண்ணு கேட்டா. ஆளுக்கு ஒண்ணா தட்டு சுத்தி வந்து ஸெலிக்கத் தாண்டிப் போச்சு.

"சம்பந்திக்கு வைக்கலியே?" அப்படின்னார் பொண்ணோட அப்பா.

"அவர் பங்கு மேல் வீட்டுக்குப் போயிடுச்சு," அப்படின்னா ஃப்ரைடல். "நீங்க சாப்பிடுங்க."