கங்காணி கேட்ட வசவுப் பாட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், போடியில் தட்டச்சுப் பள்ளி வைத்திருந்த நண்பரும் நானும் ஒரு பாட்டுப் பத்திரிகை நடத்தினோம். சினிமாப் பாட்டுக்கு அதில் இடம் கிடையாது. ரேடியோவில் வராத பாட்டு மட்டும்தான். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் உருட்டி, முழங்கை வரை மையோடு வீட்டுக்குப் போவோம். பாடியது யாரென்று சொல்லாமல் எதையும் போடுவதில்லை என்று ஒரு கொள்கை வேறு வைத்திருந்தோம். வினையே அதில்தான் வந்தது.

ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களின் பாட்டை இரண்டாம் இதழில் போட்டோம்.

அட்டை கடிச்சா உப்பிருக்கு,
கங்காணி கடிச்சா என்ன இருக்கு?

பேரை மட்டும் மறைத்து, 'பாடியவர்: சிலமலை அக்கா, இடது கையால் காய் எடுப்பவர்' என்று கீழே பெருமையாக எழுதினோம். அந்தத் தோட்டத்தில் இடது கைக்காரி அவர் ஒருத்திதான் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

அக்கா இதழும் கையுமாகத் தட்டச்சுப் பள்ளிக்கே வந்துவிட்டார்.

"ஏப்பு, பேரைப் போடலைன்னா போதுமா? கையைப் போட்டுட்டீகளே! கங்காணி பாத்தா நாளைக்கே நிப்பாட்டிருவான். ஒங்க மிஷினா எனக்குக் கஞ்சி ஊத்தும்?"

மலைக்கு ஒரு பிரதி போய்விட்டிருந்தது. அதைப் பறித்து வர மறுநாள் நாங்களும் அக்காவோடு ஜீப்பில் தொங்கினோம். போய் இறங்கினால், கங்காணி அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டு நிற்கிறார். காலில் இரண்டு அட்டை ஏறி ரத்தம் குடிப்பதுகூடத் தெரியவில்லை.

"பக்கத்துத் தோட்டத்துக் கங்காணிக்குப் பாட்டு வந்திருக்கா?" என்றார்.

"இல்லண்ணே."

"வராது. அவனை எவ பாடுவா?" முகம் மலர்ந்துவிட்டது. "ஆனா எனக்கு ரெண்டு வரிதானா? இம்புட்டுப் பெரிய தோட்டத்தைக் கட்டி மேய்க்கிறேன்!" அக்கா பக்கம் திரும்பினார். "ஆத்தா, அடுத்த புஸ்தகத்துக்கு இன்னும் ஆறு வரி கட்டு. சுருக்குன்னு இருக்கணும்."

அன்றிலிருந்து அக்காவுக்குச் சரிவில் வேலை இல்லை. நிழலில் உட்கார்ந்து காய்ந்த காயைத் தரம் பிரிக்கும் சோலி. மத்தியானம் கங்காணியே டீ கொடுத்துவிடுவார். அக்காவுக்கோ ஒரு வரி வரவில்லை. கடைசியில் ஏதோ கட்டிச் சொன்னதற்கு, "இது கலியாண வாழ்த்து மாதிரி இருக்கு. வையி ஆத்தா, நல்லா வையி! மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா நின்னுக்க" என்றாராம்.

அக்கா மறுபடி எங்களிடம் வந்தார். "டீ வாங்கிக் குடுக்கிறவனை எப்படிய்யா வைய? வையலைன்னா சோலி போகுது. வெரசா ஒரு வழி சொல்லுங்க."

நாங்கள் போய்க் கங்காணியிடம் எடுத்துச் சொன்னோம்: "அண்ணே, டீயை நிறுத்துங்க. அக்காவை ஈரச் சரிவுக்கே அனுப்புங்க."

பாட்டுக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தார் மனிதர். அனுப்பினார். போதாதென்று, எடுத்த காயெல்லாம் பிஞ்சு என்று எல்லார் முன்னாலும் ஏசியிருக்கிறார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜீப்பிலிருந்து குதித்த அக்கா, கெண்டைக்காலில் வழிந்த ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் உள்ளே வந்தார்.

"எழுதிக்க அப்பு, எட்டு வரி வந்திருச்சு. கீழ அந்த இடது கையைப் போட மறந்துறாதீக."