ஹெப்பாரின் விஷயம் கேட்க ஏர்வாடி போனேன்

போன அக்டோபரில் ஒரு புதன்கிழமை மேலப்பாளையத்திலிருந்து ஏர்வாடி போய் வந்தேன். தர்கா இருக்கிற ராமநாதபுரத்து ஏர்வாடி இல்லை. நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி, என் உம்மா பிறந்த ஊர். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. டயாலிசிஸ் நடக்கிற வீடுகளில் யாருக்காவது இதே கேள்வி வரலாம் என்றுதான் எழுதுகிறேன்.

வாப்பாவுக்கு இரண்டு வருடமாக வாரம் மூன்று டயாலிசிஸ். இயந்திரத்தில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. சனிக்கிழமை வாப்பா, "இந்த மருந்த எதுலருந்துலே எடுக்காங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். நான் பாடமே எடுத்துவிட்டேன். சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலி, அதில் நெருக்கமாக சல்பேட், ஐந்தே சர்க்கரை கொண்ட ஒரு துண்டு ரத்தத்திலுள்ள புரதம் ஒன்றைப் பற்றிக்கொண்டு உறைதலைத் தடுக்கும், கிரேக்கத்தில் ஹெப்பார் எனப்படும் கல்லீரலில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். அதே மூச்சில், இப்போது பெரும்பாலும் பன்றிக் குடலின் உள்சவ்விலிருந்து எடுக்கிறார்கள் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

வாப்பா செவ்வாய்க்கிழமை ஹெப்பாரின் வேண்டாம் என்றுவிட்டார். உப்புநீர் விட்டு ஓட்டிப் பார்த்தார்கள். பாதியில் வடிகட்டி அடைத்துக்கொண்டது, உள்ளே இருந்த ரத்தமும் வீண். எப்போதும் இப்படிச் செய்ய முடியாது என்றார் டாக்டர். மார்க்கம் படித்த ஆலிம், ஏர்வாடி ஹஜ்ரத், மார்க்கப்படி இது கூடும் என்று சொன்னால் போட்டுக்கொள்கிறேன் என்றார் வாப்பா. அடுத்த டயாலிசிஸ் வியாழக்கிழமை.

புதிய பஸ் ஸ்டாண்டில் காலை 7.10க்கு நாகர்கோவில் பஸ். நாங்குநேரி முப்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். ஊருக்குள் போகுமா என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், நான் கேட்கவில்லை. "ஊருக்குள்ள போவாது அண்ணாச்சி, பைபாஸ்ல எறக்கிவிடுதேன்" என்றார் கண்டக்டர். தூறலில் ஊருக்குள் நடந்து, டவுன் பஸ் பிடித்து ஏர்வாடி சேர ஒன்பது மணி.

ஹஜ்ரத் என் வேதியியலையும் பொறுமையாகக் கேட்டார். உயிருக்கு வேண்டியது, வேறு வழியும் இல்லை, நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு, தாராளமாகப் போடச் சொல்லுங்கள் என்றார். எழுந்தேன். அப்போதுதான் சொன்னார்.

"ஒங்க உம்மா ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே வந்து இதக் கேட்டுட்டுப் போயிட்டாங்களே தம்பி."

முதல் வாரமே ஒரு நர்ஸ் உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பிறந்த ஊர் என்பதால் ஏன் போகிறாய் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நோவோடு நோவாக அவருக்கு இதுவும் வேண்டாம், நானே வைத்துக்கொள்கிறேன் என்று உம்மா ஹஜ்ரத்திடம் சொன்னாளாம். அந்த வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் இரண்டு வருடம் பொத்தி வைத்ததை நான் ஒரு சாயங்காலத்தில் போட்டு உடைத்திருக்கிறேன்.

இதே கேள்வியோடு அலைகிறவர்களுக்கு: மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் டாக்டரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள், பிறகு ஆலிமிடம் போங்கள். ஹஜ்ரத்தை லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு முன்னால் பார்ப்பது நல்லது. போக வர அரை நாள் போதும், பஸ்ஸுக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நோயாளி கேட்டால் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டது எவ்வளவு, நாம் சொல்வது எவ்வளவு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

வீடு வந்தபோது மணி இரண்டு. ஹஜ்ரத் அனுமதி சொன்னதை மட்டும் சொன்னேன். வாப்பா சரி என்றார். பிறகு கீரை ஆய்ந்துகொண்டிருந்த உம்மா பக்கம் திரும்பினார்.

"ஏ புள்ள, இது ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் உம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நல்லவேளை. தெரிஞ்சு நீ மட்டும் மனசுல வச்சுக்கிட்டு இருந்தியோன்னு பயந்துட்டேன்."

வாப்பா ஜனவரியில் மவுத்தானார். கணவனை இழந்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் உம்மா இருக்கிறாள். ஹஜ்ரத் என்னிடம் சொன்னதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.