நடுக்குரலில் வாசித்த செலின் அக்கா

செய்தி வந்தபோது நான் பிறம்ரன் நகரில், வேலை முடிந்து, காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அழைத்தது செலின் அக்காவின் மகள் அனற்றா. "அன்ரி, அம்மா போயிட்டா. காலமை எழும்பேல்லை. நித்திரையிலையே போயிட்டா" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. காருக்குள் ஏறி, ஹீற்றரைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் கடைசியாக இருந்த ஸ்ரௌவ்வில்லுக்குப் போய்ச் சேரவேண்டிய பாதை முழுவதும் முன்னால் கிடந்தது. இசைக்குழுக்காரரான எங்களுக்குக் கச்சேரிக்கும் கறுப்பு உடுப்பு, மரணவீட்டுக்கும் அதே கறுப்பு உடுப்பு. இந்த ஆண்டு அது கச்சேரிகளைவிட மரணவீடுகளைத்தான் கூடுதலாகக் கண்டிருக்கிறது. இன்னும் ஒரு தடவை அதை அயர்ன் பண்ணவேண்டும் என்பதுதான் முதலில் மனதில் வந்தது.

ஸ்காபுரோவில் வாழும் உங்களில் பலரின் கையிலிருந்து செலின் அக்கா இரத்தம் எடுத்திருப்பார். பரிசோதனை நிலையத்தில், "அங்காலை பாரும்... சரி, முடிஞ்சுது" என்று ஊசி ஏறியது தெரியாமல் வேலையை முடிக்கும் அந்த உயரமான பெண்மணியை நினைவிருக்கும். ஞாயிறு பூசையில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கக் கண்டிருப்பீர்கள். ஆனால், எங்கள் நகரத்துச் சிம்பொனி இசைக்குழுவில் இருபது வருடங்களுக்கு மேலாக அவர் வியோலா வாசித்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ தெரியவில்லை. அவராகச் சொல்லியிருக்கமாட்டார். வியோலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரியது, தடித்த குரல் கொண்டது. பாட்டின் மெட்டு அதற்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். மேலே வயலின்கள், கீழே தாழ்ந்த குரல் கொண்ட செலோக்கள், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தை நிரப்புவது அதன் வேலை.

எங்களுடையது செய்தித்தாள்கள் விமர்சனம் எழுதும் பெரிய குழு அல்ல. முன்னொரு காலத்தில் சில பள்ளி ஆசிரியர்கள் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் தொடங்கியது. பிறகு பள்ளி மண்டபத்துக்கு வந்தது, பிறகு நகரசபையின் அரங்குக்கு. பல் வைத்தியர், கணக்காளர், ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுநர் என்று எல்லோரும் பகலில் வேறு எங்கோ உழைத்துக் களைத்து, மாலையில் வந்து உட்காருகிறவர்கள். செலின் அக்கா சேர வந்தபோது வயலினுக்கு ஆட்கள் நிறைய இருந்தார்கள். வியோலாவுக்குத்தான் ஆள் இல்லை. அவரோ யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் வயலின் படித்தவர், வியோலாவைக் கையால் தொட்டதில்லை. "வியோலா வாசிப்பீர்களா?" என்று கேட்டதற்கு உடனே ஓம் என்றிருக்கிறார். இரவல் வாங்கிய வியோலாவோடு அடுத்த வாரமே ஒத்திகைக்கு வந்துவிட்டார்.

"பொய்யே சொன்னனீங்கள்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"என்ன பொய்? வாசிப்பீரோ எண்டுதானே கேட்டவை. முந்தி வாசிச்சனீரோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

நான் இரண்டாம் வயலின் வரிசையில் சேர்ந்த முதல் நாள், இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு வந்து, "நீர் தமிழோ?" என்றார். ஓம் என்றேன். "நல்லது. கார் இருக்கோ?" என்றார். அப்படித்தான் எங்கள் நட்பு தொடங்கியது. ஒத்திகை நாட்களில் நான் அவரை வீட்டில் ஏற்றுவேன். வியோலாவைப் பின் இருக்கையில் வைத்து, பட்டியும் போட்டுவிட்டுத்தான் தான் முன்னால் ஏறுவார். அந்தப் பயணங்களில் அவர் சொன்னவற்றில் ஒன்று மறக்கவில்லை. "வியோலா நிண்டுபோனா என்ன குறையுதெண்டு சனத்துக்குத் தெரியாது. ஆனா ஏதோ குறையுதெண்டு தெரியும்."

வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த அந்த வசந்தகாலத்தை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நாங்கள் எல்லோரும் தெருவில் நின்றோம். அக்காவின் தம்பியும் குடும்பமும் உள்ளே அகப்பட்டிருந்தார்கள். தகவல் நின்று பல நாளாகிவிட்டது. கச்சேரி அன்று மாலை, ஆர்ப்பாட்டத்திலிருந்து நேரே அரங்குக்கு வந்து, கழிவறையில் கறுப்பு உடுப்பு மாற்றினார். குழுவின் தலைவருக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனிதர். அன்றைய கச்சேரியை அக்காவின் குடும்பத்துக்குக் காணிக்கையாக்குவதாக மேடையில் அறிவிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா மறுத்துவிட்டார். பிறகு என்னிடம் தமிழில், "என்ரை தம்பிக்கு இவை கைதட்டுறதை என்னாலை கேட்டுக்கொண்டிருக்க ஏலாது. நான் வாசிக்க வந்தனான், அவ்வளவுதான்" என்றார்.

மெதுவான பகுதி நடந்துகொண்டிருந்தபோது என் இடத்திலிருந்து அவரைப் பார்த்தேன். வாசிக்காமல், வில்லை மடியில் வைத்திருந்தார். கண் தாளில்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் அவரைத் திரும்பிப் பார்க்காமல், தன் வில்லை இன்னும் கொஞ்சம் அழுத்தி இருவருக்குமாக வாசித்தார். சில வரிகள் கழித்து அக்கா வில்லை எடுத்தார். சரியான இடத்தில் சேர்ந்துகொண்டார். தம்பியின் இரண்டு பிள்ளைகள் மட்டும் பிறகு முகாமிலிருந்து வெளியே வந்தார்கள். அவர்களை இங்கே எடுத்து வளர்த்ததும் அக்காதான்.

பெருந்தொற்றுக்குப் பிறகு அரங்கு திறந்தபோது குழுவில் பாதிப்பேர் திரும்பவில்லை. கேட்க வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். வந்தவர்களிடமும் பழைய உசார் இல்லை, எனக்கும் இல்லை. அந்த நாட்களில் ஒருமுறை காரில் போகும்போது அக்கா, "வசந்தி, எனக்குக் காது மந்தமாகுது. நான் சுருதி விலகி வாசிக்கத் தொடங்கினா நீர் சொல்லவேணும். மற்றவை மரியாதைக்குச் சொல்லாமல் விட்டிடுவினம்" என்றார். சரி என்றேன். அது என் தலையில் விழும் என்று அப்போது நினைக்கவில்லை.

விழுந்தது. ஒரு குளிர்கால ஒத்திகையில் குழுவின் இசை நடத்துநர், ஓர் இளைஞர், வியோலாக்களை மட்டும் தனியாக வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். நடத்துநர் பென்சிலைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். "ஒருவரை ஒருவர் கேட்டு வாசியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார். அக்கா மட்டும் உற்சாகமாகத் தாளைத் திருப்பினார்.

திரும்பும் வழியில் கோப்பிக் கடையொன்றின் முன்னால் காரை நிறுத்தினேன். கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, "அக்கா, ஒரு விசயம் சொல்லச் சொன்னனீங்கள்" என்றேன்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கோப்பையின் மூடியைத் திறந்தார், திரும்ப மூடினார்.

"எப்ப தொட்டு?"

"இந்த சீசன் தொடங்கின நேரம் தொட்டு."

"சுருதி மேலையோ, கீழையோ?"

"கீழை, அக்கா."

"ம்." வெளியே பனி வழிக்கிற வண்டி போய்வந்துகொண்டிருந்தது. அது இரண்டு தரம் திரும்பும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்னை வீட்டை கொண்டுபோய் விடும்" என்றார்.

அடுத்த ஒத்திகைக்கு ஏற்றப் போனபோது கதவு திறக்கவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டதாக அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். என் தொலைபேசி அழைப்புகளை அவர் எடுக்கவில்லை. ஒத்திகைக்குத் தனியாகக் காரில் போவது எனக்குப் பெரும் சுமையாகிவிட்டது. நானும் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன்.

வசந்தகாலக் கச்சேரியில் இடத்தில் உட்கார்ந்து நிமிர்ந்தபோது, சபையில் நடைபாதையோரம் அக்கா இருந்தார். மடியில் குளிர்ச்சட்டை. காதில் கேட்கும் கருவி. கச்சேரி முடிந்து நான் வெளியே வர, வாசலில் நின்றார்.

"செலோக்காரர் நல்லா வாசிச்சவை. நீங்கள் இரண்டாம் வயலின்காரர் கடைசியிலை தாளத்தை முந்தி ஓடிப்போட்டியள்."

"ஓம் அக்கா."

"நீர் அண்டைக்குச் சொன்னது சரி. ஆனா எனக்குக் கோபம் இன்னும் போகேல்லை. போனா சொல்லுறன்."

போனது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அதன்பின் ஒரு கச்சேரியையும் விடவில்லை. என் காரில்தான் வந்தார், என் காரில்தான் போனார். வழிநெடுக எங்களைக் குறை சொன்னார். பாதி வெறுமையாகக் கிடந்த அரங்கில் எங்களைப் பற்றிக் குறை சொல்லத்தக்க அளவுக்குக் கவனித்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

கடைசி மாதங்களில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். ஒரு பிற்பகல் நான் போகும்போது வயலினைக் கொண்டுவரச் சொன்னார். என்ன வாசிக்க என்று கேட்டேன். நாங்கள் புத்தாண்டுக் கச்சேரிகளில் வாசிக்கும் பழைய வால்ட்ஸ் நடன இசை ஒன்றைச் சொன்னார். மெட்டை எடுக்கப் போனேன்.

"அது முதல் வயலின்காரரின்ரை. உம்மடையை வாசியும்."

வால்ட்ஸில் இரண்டாம் வயலினுக்கு உள்ளதெல்லாம் ஒவ்வொரு தாளச் சுற்றிலும் இரண்டு சின்னத் தட்டு, அவ்வளவுதான். அதை வாசித்தேன். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி வியோலாவின் பங்கைக் குரலால் முணுமுணுத்தார். சுருதி சரியாக இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை. எங்களிருவரிடமும் மெட்டு இல்லை. மருந்து கொண்டுவந்த தாதி கதவடியில் நின்று கேட்டுவிட்டு, இது என்ன பாட்டு என்றாள். அக்கா முணுமுணுப்பை நிறுத்தவில்லை. பொறு என்று கையை மட்டும் காட்டினார். கடைசி வரி வரை வாசித்து முடித்தோம். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று.

அவருடைய வியோலா, அவர் வளர்த்த தம்பி மகளிடம் போயிருக்கிறது, அதுதான் சரி. நான் பொருளாக ஒன்றும் கேட்கவில்லை. எனக்கென்று வைத்திருப்பது அந்தப் பிற்பகலைத்தான்: எங்களிருவரின் சின்னத் தட்டுகளும், பொறு என்று காட்டிய அந்தக் கையும்.