தம்பி கொடுத்த ரத்தத்தில் வந்த நோய்

முன்கையில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தபோது சாயம் என்றுதான் நினைத்தேன். ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டில் வேறெப்படி நினைப்பார்கள்? அந்த வாரம் அரக்கு நிறப் பாவுக்கு (தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள்) கஞ்சி போட்டிருந்தோம். ஈரப் பாவை நீவினால் கையில் நிறம் ஏறுவது புதிதில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சம்பழத்தையும் பிழிந்து பார்த்தேன். மூன்று வாரம் இந்தக் கூத்து நடந்தது.

“கைல பட்ட சாயம் கால்ல எப்பிடிடி வரும்?” என்று என் வீட்டுக்காரர்தான் கேட்டார். கணுக்காலிலும் அதே புள்ளிகள்.

நான் ஒன்றும் அறியாதவள் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் ரத்தப் புற்றுநோய் வந்து பிழைத்தவள். தட்டணுக்கள் (ரத்தத்தை உறைய வைப்பவை) குறைந்தால் தோலுக்கடியில் இப்படிக் கசியும் என்று மனப்பாடமாகத் தெரியும். தெரிந்தும் சாயம் என்றே நம்பினேன். நம்ப அவ்வளவு ஆசை.

அன்று என்னைப் பிழைக்க வைத்தவன் தம்பி குமரேசன். களம்பூர் அரிசி மில்லில் மிஷின் ஓட்டுகிறான். என் எலும்பு மஜ்ஜையை மருந்தால் காலி செய்துவிட்டு, அவனுடைய ஸ்டெம் செல்களை (எல்லா ரத்த அணுக்களையும் உண்டாக்கும் தாய்ச் செல்கள்) எனக்கு ஏற்றினார்கள். ‘பி’ வகையாக இருந்த என் ரத்தம் அவனுடைய ‘ஓ’ வகையாக மாறியது. “எங்க அக்கா உடம்புல ஓடறது என் ரத்தம்” என்று மில்லுக்கு வரும் லாரிக்காரர்களிடம்கூடச் சொல்வான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவனுக்கு நிஜமாகவே ஆடியது.

வேலூரில் மறுபடி மஜ்ஜைப் பரிசோதனை (இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மாதிரி எடுப்பது). முடிவு வந்த நாளில் வீட்டுக்காரர் மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தார். மருத்துவரின் அறைக்கு நான் மட்டும் போனேன்.

“பழைய நோய் திரும்பி வரலைம்மா” என்றார் அந்த அம்மாள். நான் கும்பிடப் போனேன். “இருங்க. இது புதுசு. நோயுள்ள அணுக்கள் எல்லாம் ஆண் அணுக்களா இருக்கு. அது உங்களோடது இல்ல, உங்க தம்பியோடது.”

“அவன் கல்லு மாதிரி கீறானே டாக்டர்!”

கொடுத்தவரின் அணுக்கள் வாங்கியவரின் உடம்பில் புற்றாக மாறுவது மிக அபூர்வம் என்றார். யார் மேலும் தப்பில்லை என்றார். தம்பியின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும், உடனே வரச் சொல்லுங்கள் என்றார்.

நான் சொல்லவில்லை. பிறந்த வீட்டுச் சீரில் குறை இருந்தால் முந்தானையில் மூடிக்கொள், வெளியே சொல்லாதே என்று வளர்க்கப்பட்டவள் நான். கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவில் ஓட்டை இருந்ததை இன்றுவரை புருஷன் வீட்டில் சொன்னதில்லை. இது அண்டாவா என்ன? எனக்குத்தான் அந்தப் புத்தி இல்லை. “பழசே திரும்பிடுச்சாம்” என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தம்பி வந்தாரா என்று மருத்துவர் இரண்டு முறை கேட்டார். மில்லில் சீசன் என்று புளுகினேன்.

இதற்கிடையே கீமோ (புற்று அணுக்களைக் கொல்லும் மருந்து) தொடங்கியது. முதல் முறை பயம் இருந்தது, பயத்தில் ஒரு தெம்பும் இருந்தது. இரண்டாம் முறை அலுப்பு மட்டும்தான். அதே வாய்ப்புண், அதே கஞ்சி, தலைக்கு மேல் அதே மின்விசிறி. முடி கொட்டியதற்கு அழக்கூட அலுப்பாக இருந்தது.

முடிவு வந்த பதினேழாம் நாள் தம்பி வார்டுக்கு வந்தான். வரும்போதே சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தான்.

“இன்னா பேஜாருக்கா இது? டாக்டர் எங்க? இன்னொரு தபா என்னோடதையே எடுத்துக்கச் சொல்லு. ஜல்தியா முடிச்சிடலாம். மில்லுல லீவு சொல்ட்டு வந்துகீறேன்.”

“உன்னோடது வேணாம்டா.”

“ஏன், அது இன்னா கெட்டா பூடுச்சி?”

விளையாட்டாகத்தான் கேட்டான். நான் உடைந்து அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டான். “அப்போ எனக்கும் கீதா?”

“தெரியலடா. பாக்கணும்னு சொன்னாங்க.”

“எப்ப சொன்னாங்க?”

“பதினாறு நாளாச்சு.”

“எனக்கு ரெண்டு கொயந்தைங்க கீதுக்கா” என்றான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவன் மனசு நோகக் கூடாது என்று அவன் உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன். நல்ல அக்கா! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இதே நிலையில் இதைப் படிக்கிறவர்களுக்கு என்னிடம் வேறு அறிவுரை இல்லை. கொடுத்தவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் அழட்டும், கோபப்படட்டும், ஆனால் பரிசோதனைக்குப் போகட்டும்.

தம்பிக்கு நோய் இல்லை. ஆனால் அவன் ரத்த அணுக்களில் ஒரு சிறு பங்கில், என் நோயில் இருந்த அதே மரபணு மாற்றம் இருந்தது. அது கடைசிவரை சும்மாவே இருக்கலாம், ஒரு நாள் நோயாக மாறினாலும் மாறலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். தாமதத்தால் கெடுதல் ஒன்றுமில்லை என்றார் மருத்துவர்.

முகம் தெரியாத ஒருவரின் செல்களை எனக்கு ஏற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. என்னுள் ஓடுவது இப்போது மூன்றாவது ரத்தம். வாடகை வீட்டில் ஆணி அடிக்கத் தயங்குவதுபோல இந்த உடம்பில் பார்த்துப் பார்த்துப் புழங்குகிறேன். தீபாவளி, பொங்கல் என்று நாள் எண்ணுவதும் போய்விட்டது. ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்தது வரைக்கும் ஒரு காலம், அவ்வளவுதான்.

போன வாரம் இருவருக்கும் ஒரே நாளில் பரிசோதனை. களம்பூரில் பஸ் ஏறிய தம்பி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தான். ஆரணியில் ஏறி உட்கார்ந்ததும் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்: “அந்தப் பதினாறு நாளால ஒண்ணும் ஆவலன்னு டாக்டரே சொல்லிட்டாங்கல்லடா?”

“டாக்டர் சொன்னாங்க” என்றான். “நான் சொல்லல.”

கண்ணமங்கலம் தாண்டியதும், வெயில் படுகிறது என்று எழுந்து எனக்கு இடம் மாற்றிக் கொடுத்தான்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் புதிதாக வந்த நர்ஸ் எங்களைப் பார்த்து, “இதுல பேஷண்ட் யாருங்க?” என்றாள்.

இருவரும் கையை நீட்டினோம்.