மாலதியின் ஐஸ் பெட்டியும் நான் போட்ட மாலையும்

மாலதியின் போன் நம்பரை யாரும் ஆசையாகச் சேமித்து வைத்துக்கொள்வதில்லை. என்னிடமும் இருந்ததில்லை. புவனகிரியில் என் பெரியப்பா சடையப்பன் இறந்த அன்று சாயங்காலம்தான் நாலு பேரிடம் விசாரித்து வாங்கினேன். சிதம்பரத்தில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் மாலதி. வெளியூர்ச் சொந்தங்கள் வந்து முகம் பார்க்கும்வரை இறந்தவர் உடலைக் கெடாமல் வைத்திருக்கும், கண்ணாடி மூடி போட்ட பெட்டி அது. ஆளுக்கு நாற்பது வயது, பி.காம். படிப்பு, தெருமுனை வரை கேட்கும் குரல். பெட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அவரே ஓட்டி வருவார். இதென்ன, சாவு வீட்டுக்குப் பொம்பளை வண்டி ஓட்டி வருவதா என்று முகம் சுளிக்கிறவர்களிடம் அவர் வாதம் செய்வதில்லை. "ஒரு கை புடிங்க" என்று பெட்டியின் கனமான முனையை அவர்களிடமே கொடுத்துவிடுவார்.

தொழிலை ஆரம்பித்தது கணவர் ஸ்ரீதர். முதுகில் அடிபட்டுக் கனம் தூக்கக் கூடாது என்று ஆனபின், வீட்டிலிருந்து போன் எடுப்பது மட்டும் அவர் பாடு, மற்றதெல்லாம் மாலதி பாடு. மூன்று வருடத்துக்கு முன் பெருமழையில், பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் கரண்ட் போய், கொண்டுபோன ஜெனரேட்டரும் பாதியில் நின்றுவிட்டது. துபாயிலிருந்து மகன் வந்து சேர்ந்தபோது அம்மாவின் முகத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் பையன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, பேசாமல் நின்றான், அதுதான் தாங்கவில்லை என்று மாலதி என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு வாங்கியதுதான் அந்தப் பவர் ஸ்டேஷன். கைப்பிடி வைத்த பெரிய பேட்டரிப் பெட்டி. முழுசாகச் சார்ஜ் ஏற்றினால் இரண்டு யூனிட் கரண்ட் பிடிக்கும். மடக்கி எடுத்துப் போகிற சோலார் தகடு இரண்டு உண்டு. வெயில் இருந்தால் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இன்னொரு பக்கம் ஐஸ் பெட்டியை ஓட்டும்.

எங்கள் வீட்டுக்கு அது வந்தபோது புயல் கரை கடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. ஊரிலிருந்த ஜெனரேட்டர் எல்லாம் தண்ணீர் இறைக்கப் போய்விட்டன. பெரியப்பாவின் ஒரே மகள் கனிமொழி மஸ்கட்டில் நர்ஸ். அப்பாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. "நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்கண்ணா" என்று போனில் ஒரே அழுகை. கிடைத்த விமானத்தில் மறுநாள் காலை சென்னையில் இறங்கி, மதியம் ஒன்றரைக்குள் வந்துவிடுவேன் என்றாள்.

ராத்திரியை மாலதி ஐஸ் பெட்டியை விட்டு விட்டு ஓட்டியே சமாளித்தார். காலை எட்டு மணிக்குப் பவர் ஸ்டேஷனின் திரையில் முப்பது சதவீதம் காட்டியது. புயல் கழுவிவிட்ட வானம், நல்ல வெயில். தகடு இரண்டையும் சாமியானாவுக்கு வெளியே தெருவில் தெற்குப் பார்த்துச் சாய்த்து நிறுத்தினார். பத்தரைக்கு முப்பத்து நாலு. "இனிமே கவலை இல்ல சார், கொஞ்சம் கண் மூடறேன்" என்று வண்டியில் போய் உட்கார்ந்தார்.

இனிமேல் நடந்ததற்கு முழுப் பொறுப்பு நான்தான். பெரியப்பாவுக்கு ஊரில் நல்ல பெயர். மாலைகள் வந்து குவிந்தன. கண்ணாடியை மறைக்காதீர்கள், முகம் தெரியாது என்று மாலதி தூங்கப் போகும்முன் என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். எடுத்த மாலைகளை எங்கே வைப்பது? தரையெல்லாம் சேறு. வெளியே பார்த்தால் சாய்வாக, சுத்தமாக, வாகாக இரண்டு நிற்கின்றன. ரோஜா மாலை ஒன்றை மேல் விளிம்பில் மாட்டினேன். அழகாக இருந்தது. பிறகு வந்த மாலையெல்லாம் அங்கேயே போயிற்று. பின்னால் வந்த கூட்டத்தில் யாரோ அதன் முன்னால் ஊதுபத்தியும் கொளுத்தி வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பன்னிரண்டேகால் மணிக்குக் கனிமொழியிடமிருந்து போன். கடலூர் தாண்டி ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, வடலூர் சுற்றி வருகிறோம், மூன்று மணி ஆகும் என்றாள். அதைச் சொல்ல மாலதியை எழுப்பினேன். அவர் எழுந்ததும் திரையைத்தான் பார்த்தார். பன்னிரண்டு சதவீதம். உள்ளே வரும் கரண்ட் முப்பது வாட்கூட இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே தெருவுக்கு ஓடினார்.

"யாரு மாலைய இங்க போட்டது?"

"நான்தாங்க. கண்ணாடிய மறைக்கக் கூடாதுன்னு நீங்கதான…"

"அதுக்காக சோலார் மேலயா போடுவாங்க? ஒரு மூலைய மறைச்சாலே தகடு மொத்தமும் படுத்துக்கும். சார் என்ன வேல பாக்கறீங்க?"

"டீச்சர்."

"என்ன பாடம்?"

நான் மாலையைக் கழற்றக் குனிந்தேன். என் தாய்மாமா சின்னையன் பெருமையாகச் சொன்னார்: "சயின்ஸ்."

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதால் நாலைந்து பேர் இருமினார்கள். பத்தாம் வகுப்புக்குச் சூரிய ஆற்றல் நடத்துகிறவன் நான். அன்றைக்குப் பூமி பிளந்திருந்தால் நன்றியோடு உள்ளே போயிருப்பேன்.

மாலைகளை அள்ளி எறிந்தோம். ஒட்டியிருந்த இதழ்களை மாலதி தன் துப்பட்டாவால் துடைத்தார். சின்னையன் மாமாவுக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது. "மிஷின் நிக்கப் போவுது. நின்னப்புறம் அந்தப் புள்ள வந்து எதப் பாக்கும்? இப்பவே எடுத்துடலாம்."

"ஐயா, மூணேகால் வரைக்கும் என் பொறுப்பு. அதுக்குள்ள நின்னா என்னை என்ன வேணா கேளுங்க" என்றார் மாலதி. என் ஒரு மாலையால் கனிமொழி அப்பா முகத்தைப் பார்க்காமல் போனால், அவளுக்கு நான் எந்த ஜென்மத்தில் பதில் சொல்வது?

சூரியன் நகர நகரச் சாமியானாவின் நிழல் எங்களை நோக்கி வந்தது. தகடுகளைத் தரையில் வைத்து வேலைக்காகாது என்று மாலதி ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். இன்னொன்றை நான் பிடித்தேன். "கொஞ்சம் மேக்கால திருப்புங்க சார்… ஜாஸ்தி திருப்பாதீங்க… அங்கயே நில்லுங்க." வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் எண்ணை எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு. பதின்மூன்று. ஒரு மேகம் வந்து அரைமணி நேரம் நகர மறுத்தது. பதினொன்று. பத்து. மேகத்தைக்கூட மாலதி திட்டினார். எனக்குக் கை மரத்துப்போய்விட்டது. மாற்றிப் பிடிக்க ஆள் வந்தும் நான் கொடுக்கவில்லை.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கார் வந்து நின்றது. கனிமொழி செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினாள்.

"அண்ணா, எடுத்துட்டீங்களா?"

"இல்லம்மா. உள்ள போ" என்றேன். தகட்டைக் கீழே வைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துக்கம் இல்லை அது. அப்படி ஒரு நிம்மதி என் வாழ்நாளில் வந்ததில்லை.

அவள் கண்ணாடி மேல் கவிழ்ந்து அழுதாள். பெரியப்பா தூங்குகிற மாதிரியே இருந்தார். மாலதி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒன்பது சதவீதம். போய் சுவிட்சை அணைத்தார். இரைந்துகொண்டிருந்த மிஷின் அடங்கியது.

"இனிமே இதுக்கு என்ன வேல? நகரும்மா, மூடிய எடுக்கறேன். அப்பாவத் தொட்டுக்க."

இரண்டு பேர் பிடித்து மூடியை இறக்கினோம். கனிமொழி ஜுரம் பார்ப்பது போல அவர் நெற்றியில் கையை வைத்தாள். பிறகு கன்னத்தில். வெகுநேரம் எடுக்கவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை, சின்னையன் மாமாகூட.

அப்புறம் அவளாகவே கையை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துட்டேண்ணா. எடுத்துடுங்க."